சுமை, மூச்சு, சாதனை: மண்ணிவாக்கத்திலிருந்து எவரெஸ்ட்

1

2023 மே மாதத்தில், ஐந்து நாட்களுக்குள், சென்னையின் தென்புறத்திலிருந்து போன இரண்டு பேர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். மே 19ஆம் தேதி ராஜசேகர் பச்சை. கோவளத்துக்காரர், அலைச்சறுக்கு வீரர். மே 23ஆம் தேதி முத்தமிழ்ச்செல்வி. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்து, தாம்பரத்தை அடுத்த மண்ணிவாக்கத்தில் குடியிருந்த ஜப்பானிய மொழி ஆசிரியை. எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர். ஒருவர் ஊர் கடல்மட்டம். இன்னொருவர் ஊர் அதிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். சுற்று வட்டாரத்தில் மலை என்று நாம் சொல்லிக்கொள்ளும் பரங்கிமலையே முந்நூறு அடிதான்.

இந்தச் செய்தி இரண்டு விதமாக வாசிக்கப்பட்டது. பத்திரிகைகளும் மேடைகளும் ஒருவிதமாக வாசித்தன: தமிழன் தொட்டான், தமிழச்சி தொட்டாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் இமயம் வென்றாள். (ஆண் ஏறினால் அவன் பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.) டீக்கடையும் ரயில்பெட்டியும் வேறுவிதமாக வாசித்தன: "காசு இருந்தா யாரு வேணா ஏறலாம் சார். ஷெர்பா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுவான். இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸா?"

முதல் வாசிப்பில் புல்லரிப்பு, இரண்டாவதில் இளக்காரம். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. உச்சியில் ஒரே ஓர் உடல்தான் இருக்கிறது என்று இரண்டுமே நம்புகின்றன. அந்த உடல் செய்தது சாதனை என்கிறது ஒன்று, சாதனை இல்லை என்கிறது மற்றது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட உடல்கள் இருந்தன என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கினால், உயர்மலை ஏற்றம் உண்மையான விளையாட்டுச் சாதனையா என்ற கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கும். என் பதில் இது: சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் சான்றிதழில் பெயர் இருப்பவரின் தனிச்சொத்தாக அதை எழுதுகிற கணக்கு பொய்க்கணக்கு.

2

முதலில் உடலைப் பார்ப்போம். இளக்காரம் பேசுகிறவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

எவரெஸ்டின் உயரம் 8848.86 மீட்டர் என்று 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. 1981இல் போன ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வுக்குழு உச்சியிலேயே காற்றழுத்தத்தை அளந்தது: 253 மில்லிமீட்டர் பாதரசம். கடல்மட்டத்தில் இது 760. அதாவது மூன்றில் ஒரு பங்கு காற்று. அந்த உயரத்தில் ஓர் உடல் முழுமூச்சாக உழைத்தாலும் அது பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், கீழே பயன்படுத்தியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தில் ஓடி ஏறுகிறவன் அங்கே நாலு அடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்குவான். 8000 மீட்டருக்கு மேல் உடல் பழகிக்கொள்வதே கிடையாது. தன் தசையைத் தானே தின்னத் தொடங்குகிறது. அதற்குக் கீழே பழகுவதற்கே வாரக்கணக்கில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கியாக வேண்டும். காசு கொடுத்து இதை வாங்க முடியாது. சிவப்பணுவுக்கு ரசீது கிடையாது.

ஆனால் இந்த அறிவியலில் மலையேறிகளுக்குச் சாதகமில்லாத பக்கமும் உண்டு. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 8500 மீட்டருக்கு மேல் புட்டி ஆக்சிஜன் இல்லாமல் ஏறிய ஆறு பேரைப் பரிசோதித்தது. உலகிலேயே தலைசிறந்த மலையேறிகள் அவர்கள். அவர்களுடைய இதயமும் நுரையீரலும் சிறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களின் அளவுக்கு வரவில்லை. நல்ல உடற்பயிற்சி உள்ள மனிதர்களின் உடல்தான்; அபூர்வமான எந்திரம் ஒன்றும் இல்லை. அவர்கள் ஏன் மேலே போக முடிந்தது என்பதை ஆய்வுக்கூடத்தின் எண்கள் விளக்கிவிடவில்லை. மெதுவாகப் போவது, குளிரில் காத்திருப்பது, மூளை மழுங்கும்போதும் 'இதோட திரும்பிடலாம்' என்று முடிவெடுப்பது: எண்ணில் வராத இவையும் அங்கே வேலை செய்கின்றன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே 'அபூர்வமான உடல்' என்பதுதான் விளையாட்டுக்கு இலக்கணம் என்றால் உயர்மலை ஏற்றம் தேறாது. அந்த இலக்கணத்தை நம் அரசே ஒருபோதும் வைத்துக்கொண்டதில்லை. அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் சென்னையின் மானுவல் ஆரோன். அவர் ஆடியது சதுரங்கம். எது விளையாட்டு, எது இல்லை என்பதை உடலியல் தீர்மானிப்பதில்லை. நிறுவனங்கள் தீர்மானிக்கின்றன. அவை எப்படித் தீர்மானித்தன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

3

1965இல் கேப்டன் எம்.எஸ். கோலி தலைமையில் போன இந்தியக் குழு ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனது. அர்ஜுனா விருது குழு முழுமைக்கும் கிடைத்தது. உச்சியை எட்டாதவர்களும் அதில் அடக்கம். 1984 மே 23 அன்று ஏறிய பச்சேந்திரி பாலுக்கு 1986இல் அதே அர்ஜுனா. ஆக அந்தக் காலத்தில் மலையேற்றம் விளையாட்டு. 1990களில் சாகசத்துக்கென்று தனியாக ஒரு தேசிய விருது ஏற்பட்டு, அது இப்போது டென்சிங் நோர்கே பெயரில் வழங்கப்படுகிறது. மலை, கடல், வானம் மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போயின. கொடுப்பது விளையாட்டு அமைச்சகம்தான். பெயர் மட்டும் சாகசம்.

தமிழ்நாட்டிலும் இதே இரட்டைக் கணக்கு. முத்தமிழ்ச்செல்வி புறப்படும்போது விளையாட்டுத் துறை வழியாக அரசு 10 லட்ச ரூபாய் கொடுத்தது. திரும்பி வந்தபின் 2023 சுதந்திர தினத்தில் அவருக்குக் கிடைத்தது துணிவுக்கும் சாகசத்துக்குமான கல்பனா சாவ்லா விருது. போகும்போது விளையாட்டு வீராங்கனை, வரும்போது வீரப்பெண். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. விளையாட்டு என்றால் விதி வேண்டும், அளவு வேண்டும், யார் யாருக்கு எவ்வளவு உதவலாம் என்ற வரம்பு வேண்டும். சாகசத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. வியந்தால் போதும்.

உதவிக்கு வரம்பு என்பதை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். நூறு மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால், எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் அது சாதனைப் பட்டியலில் சேராது. முதுகில் பட்ட காற்றைக்கூட ஓட்டம் கழித்துவிடுகிறது. எவரெஸ்டில்? அடிவார முகாமிலிருந்து உச்சிவரை வேறொருவர் கட்டிவைத்த கயிறு. வேறொருவர் போட்ட ஏணி. வேறொருவர் சுமந்து வந்த ஆக்சிஜன் புட்டி. அந்தப் புட்டி உயரத்தையே பல நூறு மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. வேறொருவர் அடித்த கூடாரம், காய்ச்சிய தண்ணீர். இதில் எதையும் யாரும் கழிப்பதில்லை. 1978 மே 8 அன்று மெஸ்னரும் ஹேபெலரும் புட்டி இல்லாமல் ஏறிக் காட்டினார்கள். ஏறியவர்களில் மிகச் சிறு பகுதியினரே இன்றுவரை அப்படி ஏறியிருக்கிறார்கள். ஆனால் புட்டியோடு ஏறியவருக்கும் புட்டியில்லாமல் ஏறியவருக்கும் செய்தித்தாளில் ஒரே தலைப்புதான்.

தேதிகளையும் கவனியுங்கள். பச்சேந்திரி பால் 1984 மே 23. மலேசியாவின் முதல் எவரெஸ்ட் வீரர்களான மகேந்திரன், மோகனதாஸ் இருவரும் (நம் பெயர்கள், நம் தோட்டத்தொழிலாளர் வரலாற்றின் நிலத்திலிருந்து) 1997 மே 23. முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23. இதில் ஜோசியம் எதுவுமில்லை. குளிர்காலம் முழுக்க உச்சியை அறைகிற மேல்வானப் பெருங்காற்று, பருவமழைக்கு முன்னால் மே மாதக் கடைசியில் சில நாட்கள் வடக்கே விலகி நிற்கிறது. அந்தச் சில நாட்களுக்குள் எல்லோரும் ஏறியாக வேண்டும். 2023இல் நேபாளம் 478 பேருக்கு அனுமதி கொடுத்தது. கிளாம்பாக்கத்தில் பொங்கலுக்கு முந்தின ராத்திரி மாதிரி வரிசை. வரிசையில் நிற்பதே அங்கே ஆபத்து. ஒவ்வொரு நிமிடமும் புட்டி காலியாகிறது. போட்டி என்று இதைச் சொல்ல முடியாது. 1988இல் ஒலிம்பிக் அமைப்பு கௌரவிக்க முன்வந்தபோது, மலையேற்றம் போட்டியே அல்ல என்று மெஸ்னர் மறுத்துவிட்டது ஞாபகம் வருகிறது.

4

அந்த 'வேறொருவர்' யார்? ஷெர்பா. இது ஓர் இனத்தின் பெயர். உலகம் அதைத் தொழிலின் பெயராக மாற்றிவிட்டது. பிறப்பின் பெயரே வேலையின் பெயராவது எப்படி என்று தமிழ் வாசகனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் ஊரில் ஆயிரம் வருஷமாக நடத்திய காரியம் அது. 1922இல் போன பிரிட்டிஷ் குழு தன் சுமைதூக்கிகளைக் குறிக்க எழுதிய சொல் 'கூலி'. அந்தச் சொல்லின் மூலங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது நம்முடைய கூலிதான். நாம் உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று!

1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவில் அந்தக் 'கூலிகள்' ஏழு பேர் செத்தார்கள். 1924இல் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தப் பயணத்துக்குப் பதக்கம் வழங்கப்பட்டபோது, இறந்த ஏழு பேரும் பெறுபவர்களில் சேர்க்கப்பட்டார்கள். விளையாட்டு நிறுவனம் ஒன்று சுமந்தவனையும் வீரன் என்று எழுதிய அபூர்வமான தருணம். ஆனால் அதற்கு அவன் செத்திருக்க வேண்டியிருந்தது. 1953இல் இருவர் சேர்ந்து உச்சியில் நின்றார்கள்; ஹிலாரிக்கும் குழுத்தலைவர் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல். அந்தப் பயணத்தில் சுமந்தவர்கள் சுமார் 350 பேர். ஹிலாரியைப் பார்த்து "ஷெர்பா இழுத்துக்கிட்டுப் போனான்" என்று எந்த டீக்கடையும் சொன்னதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

2014 ஏப்ரல் 18: கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலும் ஷெர்பாக்கள். வாடிக்கையாளர்களுக்குப் பாதை போடவும் சுமை ஏற்றவும் போனவர்கள். ஒவ்வொரு வெளிநாட்டவரிடமும் ஆயிரக்கணக்கில் டாலர் அனுமதிக் கட்டணம் வாங்கும் அரசு, இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய். ஏறக்குறைய 400 டாலர். ஷெர்பாக்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்த ஆண்டு நேபாளப் பக்கத்துப் பருவமே நின்றுபோனது. மலையேற்ற வரலாற்றை எழுதுகிறவர்கள் சிகரங்களை வரிசையாக எழுதுகிறார்கள். இந்த வேலைநிறுத்தம் அந்த வரிசையில் ஒரு சிகரத்துக்குச் சமம் என்பேன்.

நம்மவர்கள் ஏறிய அதே 2023 பருவத்துக்கு வருவோம். ஏப்ரல் 12 அன்று, பருவம் தொடங்கும்போதே, பனியருவியில் மூன்று ஷெர்பாக்கள் புதைந்தார்கள். மே 18 அன்று, ராஜசேகர் உச்சிக்குப் போனதற்கு முந்தின நாள், பால்கனி என்று அழைக்கப்படும் சுமார் 8400 மீட்டர் உயரத்தில், மலேசியாவைச் சேர்ந்த ஒரு மலையேறி செயலிழந்து கிடந்தார். தன் வாடிக்கையாளரை உச்சிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்த கெல்ஜே ஷெர்பா, அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டு, அவரைப் படுக்கைப் பாயில் சுற்றி, முதுகில் கட்டி, சில இடங்களில் பனியில் இழுத்து, சுமார் 600 மீட்டர் இறக்கினார். ஆறு மணி நேரம். கீழே இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பிழைத்தவரின் முதல் நன்றியில் கெல்ஜேயின் பெயர் விடுபட்டது சர்ச்சையாகி, பிற்பாடு பெயர் சேர்ந்தது.

உடலின் அளவுகோல் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பருவத்தில் எவரெஸ்டில் நடந்த மாபெரும் விளையாட்டுச் சாதனை இதுதான். மூன்றில் ஒரு பங்கு காற்றில், இன்னொரு ஆளைச் சுமந்து, ஆறு மணி நேரம். ஆனால் இதற்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. ஏனென்றால் இது மேலே போகவில்லை, கீழே வந்தது. உச்சியைத் தொட்டதை எண்ணுகிற கணக்கு, ஒரு மனிதனை உயிரோடு இறக்கியதை எண்ணத் தெரியாத கணக்கு. கமி ரீத்தா ஷெர்பா 2025 மே மாதத்துக்குள் 31 முறை உச்சிக்குப் போய்விட்டார். ஒரு முறை போனவர் சாதனையாளர். 31 முறை போனவர் வழிகாட்டி, வேலைக்குப் போனவர். சம்பளம் வாங்கினால் சாதனை இல்லை, செலவு செய்தால் சாதனை! கால்பந்தில் இந்தத் தர்க்கத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

5

நம் பக்கம் திரும்புவோம். தாம்பரம், பல்லாவரம், திரிசூலம், பம்மல். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். அதற்கப்புறமும் இந்தப் பக்கத்துக் கல்லை உடைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இந்தக் குன்றுகளின் சார்னகைட் பாறை நகரத்தின் சாலைக்கும் கட்டடத்துக்கும் போனது. உடைத்தவர்கள் பாறை விளிம்பில் நின்று தமர் போட்டார்கள், கயிற்றில் தொங்கினார்கள், வெடிவைத்துவிட்டு ஓடினார்கள், வெயிலில் கல் சுமந்தார்கள். பெண்கள் ஜல்லி உடைத்தார்கள். குவாரிகள் பல இப்போது தண்ணீர் நிறைந்த குட்டைகள். கயிற்றில் தொங்கிய அந்த உடல்களை விளையாட்டு வீரர்கள் என்று யாராவது நினைத்திருப்பார்களா? அதே மாதிரியான பாறையில், அதே மாதிரியான கயிற்றில், வார இறுதியில் தலைக்கவசத்தோடு தொங்கினால் அதற்குப் பெயர் சாகச விளையாட்டு. பாறை ஒன்றுதான். கயிற்றின் மறுமுனையில் கூலி இருக்கிறதா, கட்டணம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

தமிழனுக்கு மலையேற்றப் பாரம்பரியம் இல்லை என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலையைக் கிழவிகள் செருப்பில்லாமல் ஏறி இறங்குகிறார்கள், அது பக்தி. நாமக்கல் போதமலைக்கு வாக்கு இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். அது தேர்தல் பணி. ரோடு இல்லாத மலைக்கிராமங்களில் பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டி நாலு பேர் இறக்குகிறார்கள், அது வறுமை. தேன் எடுக்கிறவன் ஏறினால் அது குலத்தொழில். ஏறுதல் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அதற்கெல்லாம் வேறு வேறு பெயர் வைத்து, விளையாட்டு என்ற பெயரை மட்டும் வேறொரு வர்க்கத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். பயனில்லாமல் ஏறினால்தான் விளையாட்டு. பயனில்லாமல் ஏற வசதி வேண்டும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தன் நூலில், மலையில் நடப்பதும் ஏறுவதும் எந்த வர்க்கத்தின் ரசனை என்று பிரான்சை வைத்துக் காட்டியிருக்கிறார். அங்கே அது படித்த ஆசிரிய வர்க்கத்தின் பெருமிதம். இங்கே மண்ணிவாக்கத்து ஆசிரியைக்கு அது கடன், நன்கொடை, அரசுக் காசோலை என்றுதான் தொடங்க முடிகிறது.

எனவே "காசு இருந்தா யாரு வேணா ஏறலாம்" என்ற வாக்கியத்தில் ஒரு பாதி உண்மை, ஒரு பாதி விஷம். காசு இல்லாமல் ஏற முடியாது என்பது உண்மை. ஆனால் பரம்பரைக் காசுள்ளவர்கள் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளோடு ஏறிய காலம் முழுக்க இந்தக் கேள்வி எழவில்லை. கோவளத்துப் பையனும் மண்ணிவாக்கத்துப் பெண்ணும் கையேந்திக் காசு சேர்த்துப் போகிற காலத்தில்தான் "இதெல்லாம் ஒரு சாதனையா" என்று கேட்கத் தோன்றுகிறது. பொதுவாக இப்படித்தான். நாம் போய்ச் சேர்கிற நாளில் அந்த இடத்தின் மதிப்பு இறங்கிவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் பட்டம் வாங்கத் தொடங்கியதும் பட்டத்துக்கு மதிப்பில்லை என்றார்களே, அதே குரல்.

6

அப்படியானால் என்ன செய்வது? முத்தமிழ்ச்செல்வியின் மூச்சை மறுக்கவும் கூடாது, அதை மட்டும் எண்ணவும் கூடாது. 8000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் அடியையும் அவர்தான் வைத்தார். அந்த அடியை அவருக்காக யாரும் வைக்க முடியாது. அந்த அடி விழுந்த பாதையை வேறு பலர் போட்டார்கள். இரண்டும் ஒரே சாதனையின் பகுதிகள். 1965இல் ஏறாதவருக்கும் சேர்த்து அர்ஜுனா கொடுத்தபோது இந்த நியாயம் அரசுக்கே புரிந்திருந்தது. பிற்பாடு மறந்துபோச்சு.

காரியமாகச் சில விஷயங்கள் சொல்லலாம். பொதுப்பணத்தில் ஒருவரை உயர்மலைக்கு அனுப்பும்போது, கூடப் போன ஷெர்பாக்களின் பெயர், அவர்களுக்குக் கொடுத்த கூலி, காப்பீட்டுத் தொகை, பயன்படுத்திய ஆக்சிஜன், எல்லாம் பயண அறிக்கையில் இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போடலாம். விருதுப் பத்திரத்தில் அந்தப் பெயர்கள் இடம்பெறலாம். விளையாட்டு என்று ஒப்புக்கொண்டால் விதியைக் கொண்டுவா. சாகசம் என்றால் விளையாட்டு நிதியை ஏன் எடுத்தாய் என்று கேட்கும் உரிமை, தாம்பரத்து மைதானத்தில் ஸ்பைக்ஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு உண்டு. அவளையும் மலையேறியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நம் வேலையில்லை. இருவருக்கும் ஒரே அளவுகோலை வை என்பதுதான் கோரிக்கை.

எழுதுகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிகரம் தொட்டுத் திரும்புகிறவர்களைப் பேட்டி எடுக்கிறோம். பயமாக இருந்ததா, வீட்டில் என்ன சொன்னார்கள், உச்சியில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்கிறோம். கூட வந்தது யார், அவர் பெயர் என்ன, அவர் எத்தனையாவது தடவை வந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதில்லை. அடுத்த தடவை அதை முதல் கேள்வியாகக் கேட்கலாம்.